கடைசியாகச் சேமித்தவர்

வால்டிவியாவில் ஒன்பதாவது நாளாக மழை.
அலுவலக அடுப்பில் ஈர விறகு புகைந்துகொண்டிருந்தது.
கோப்பு நள்ளிரவுக்குச் சற்று முன் வந்தது.
அனுப்பியவர் பெயர் இல்லை.
கோப்புக்கு மட்டும் ஒரு பெயர்: ‘அறிக்கை_கடைசி_கடைசி2’.
இரண்டு பக்கம்.
தோல் ஆலை, இரவில் திறக்கும் மதகு,
ஆற்றில் குரோமியம் எவ்வளவு, எந்தெந்தத் தேதியில்.
‘நாளை அச்சுக்கும் போகும், பதில் கேட்டு ஆலைக்கும் போகும்’
என்றார் பால்டொமேரோ, கோட்டை மாட்டிக்கொண்டே.
‘ஒருமுறை கழுவிவிடு, இஸ்மேனியா.’

கழுவுவதென்றால்
முதலில் அழுக்கைப் பார்த்தாக வேண்டும்.

பண்புகள் என்ற பலகையைத் திறந்தேன்.
உள்ளே முழுப் பூசணிக்காய்.
மேலே இரண்டு பக்கச் சோறு.

ஆசிரியர்: ஒரு முழுப் பெயர், தாய்வழிக் குடும்பப் பெயரோடு.
நிறுவனம்: அந்த ஆலையேதான்.
திருத்திய மொத்த நேரம்:
இரண்டாயிரத்து அறுநூற்றுப் பதினான்கு நிமிடம்.
இரண்டு பக்கத்துக்கு.
கடைசியாக அச்சிட்டது: ஒரு ஞாயிறு, காலை ஆறு பத்து.
ஞாயிறன்று அங்கே காவலாளியைத் தவிர யார் இருப்பார்கள்?
அதைக்கூட அவள் யோசிக்கவில்லை.

(அவள் என்று சொல்லிவிட்டேன். பாருங்கள்,
எவ்வளவு சுலபமாகக் கசிகிறது.
அவன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.)

முதல் படத்தில் நுரைத்த தண்ணீர், ஒரு குழாய், ஒரு பூட்ஸின் நுனி.
இரண்டாவது, சோதனைக்கூடத் தாள்,
சாப்பாட்டு மேசையில் விரித்து எடுத்தது.
ஓரத்தில் ரொட்டித் துணுக்கு.
அதற்கும் அட்சரேகை உண்டு, தீர்க்கரேகை உண்டு.
பார்த்திருக்கக் கூடாது. வரைபடத்தில் போட்டுப் பார்த்தேன்.
மூலை வீடு. நீலத் தகரக் கூரை.
வேலியோரம் சாய்ந்து கிடக்கும் சிறு சைக்கிள்,
ஒரு சக்கரம் இல்லாமல்.

அடித்த வரிகள் எல்லாம்
அடியில் உயிரோடு இருந்தன.
மூன்றாம் பத்தியில், சிவப்புக் கோடு குறுக்கே ஓட:
‘மார்ச் வரை நானும் கையெழுத்திட்டேன்.’
அடித்து, மறுபடி எழுதி, மறுபடி அடித்து.
பக்கத்தில் வேறொருவரின் குறிப்பு, ஓர் எழுத்தை மட்டும் பெயராகக் கொண்டவர்:
‘இதை அனுப்பாதே. வீட்டுக் கடன் இன்னும் ஒன்பது வருடம்.’
கீழே பதில்: ‘தெரியும்.’
அதற்கும் கீழே, சாம்பல் நிறத்தில், மென்பொருளின் சொல்:
‘தீர்க்கப்பட்டது.’

தீர்ந்திருக்குமா?

நீக்கினேன்.
பெயர் போனது. ஞாயிறு போனது. நீலக் கூரை போனது.
நாற்பத்து மூன்று மணி நேரம் ஒரே சொடுக்கில் போனது.
அந்தத் ‘தெரியும்’ மீது மட்டும்
சுட்டியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.
எண்கள் யார் கைக்கும் கிடைத்திருக்கும்.
அந்தத் தாளில் துணிச்சல் என்று ஒன்று இருந்ததென்றால்
அது அங்கே, ஓரத்தில், யாரும் படிக்கக் கூடாத இடத்தில் இருந்தது.
அதையும் நீக்கினேன்.

காலையில் பால்டொமேரோ படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.
‘எல்லாம் சரிதான். ஆனால்
தாய் தகப்பன் இல்லாத தாள் மாதிரி இருக்கிறதே,
யார் நம்புவார்கள்?’
‘இருந்தார்கள்’ என்றேன். அவர் காபி ஊற்றப் போய்விட்டார்.

பிறகுதான் கண்ணில் பட்டது,
கழுவிய கோப்பில் மிச்சமிருந்த ஒரே கறை:
கடைசியாகச் சேமித்தவர், இஸ்மேனியா கிலோட்ரான்.
கருவி கேட்டது: இதையும் நீக்கவா?
எழுந்து போய் அடுப்புக்கு விறகு போட்டேன். கையைத் துடைத்தேன்.
தேடி வருகிறவர்கள்
ஏதாவது ஒரு கதவைத் தட்டத்தான் போகிறார்கள்.
என் வீட்டில் சைக்கிள் இல்லை.
வேண்டாம் என்று அழுத்தினேன்.

இதழ் வந்து பதினொரு நாள்.
மழை விட்டு, மறுபடி பிடித்துக்கொண்டது.
எல்லாப் பிரதிகளையும் அழித்துவிட்டேன், ஒன்றைத் தவிர.
பாத்திரம் தேய்க்கும்போது வாய் தானாக முணுமுணுக்கிறது:
மைனஸ் முப்பத்தொன்பது புள்ளி எட்டு…
அதற்குப் பின் வரும் இலக்கங்களை
வேண்டுமென்றே இடம் மாற்றி மாற்றிச் சொல்கிறேன்,
எது சரி என்று
எனக்கே தப்பிப்போகும் வரை.